மொன்செராட் உறையில் ஒரு வெடிப்பு

தபால்தலைக் கண்காட்சிக்கு நான்கு நாள் இருக்கும்போது, மரியதாஸ் சேரின் சேகரிப்பிலேயே சிறந்த கடித உறை போலி என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

எண்பதுகளில், நான் வந்து சேர்ந்த வெளிநாட்டில், மவுண்ட் ரோஸ்கில் என்ற இடத்தில் அவருக்குத் தபால்தலைக் கடை. நான் உதவியாள். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன்; ஊரில் தபால் கந்தோரில் பியோன். பத்தொன்பது வருடம் திகதி முத்திரை குத்தி, மாலையில் அதை மண்ணெண்ணெயில் துடைத்து வைத்தவன். என் விசா சேர் தந்த வேலைக் கடிதத்தில்தான் நின்றது.

சேர் சேகரித்தது மொன்செராட் என்ற சின்னக் கரீபியன் தீவின் தபால் வரலாறு. அந்தத் தீவின் பெயரில் வந்த முதல் தபால்தலைகள்கூட அயல் தீவான அன்டிகுவாவின் தலைகள்மேல் பெயரை அச்சடித்தவைதான். அப்படி ஒன்று ஒட்டிய உறையை இங்கிலாந்திலிருந்து தருவித்திருந்தார். கண்காட்சிக்கு அடுக்கும் தாள்களில் முதல் பக்கத்தில் அதை வைக்கச் சொன்னார்.

பக்கத்தில் வைக்க எடுத்த இன்னோர் உறை நான்கு வருடம் பிந்தியது. திகதி வேறு; ஆனால் இரண்டிலும் குத்தியிருந்தது ஒரே முத்திரை. முத்திரை வளையத்தின் அடியில் ஒரே இடத்தில் வெடிப்பு. பிந்திய உறையில் அது மயிரிழை. முந்திய உறையில் நெல் முனை அளவு.

காலை முழுவதும் அதைப் பார்ப்பதும் மூடுவதுமாக இருந்தேன். சேர் அதை நடுவர்களுக்கு முன் வைத்தால் அவர் பெயர்தான் போகும். மத்தியானம் எழுந்து அவர் மேசைக்குப் போனேன்.

"சேர், இந்த உறையில ஒரு பிழை இருக்கு."

"என்ன, மூலை மடிஞ்சிட்டுதோ?"

"இல்லை சேர். முத்திரை பிழை."

அவர் நிமிர்ந்தார். "இதை வித்தவன் முப்பது வருசமா இந்தத் தொழில். நீர் அஞ்சாம் வகுப்பு. ஆர் சொல்லுறதை நான் கேக்கிறது, நடராசா?"

வேறு நாளென்றால் திரும்பிப் போயிருப்பேன். இரண்டு உறைகளையும் பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்தேன்.

"முந்தினதில வெடிப்புப் பெரிசு. பிந்தினதில சின்னன். இரும்பு தேயும் சேர். தேஞ்சது திரும்ப வளராது; வெடிப்பு வர வரப் பெரிசாகும்."

"முத்திரையை மாத்தியிருப்பினம்."

"மாத்தினா வெடிப்பு அதே இடத்தில வராது."

பிற்காலத்தில் தேய்ந்துபோன முத்திரையின் அச்சைப் பார்த்து யாரோ புதிதாக வெட்டி, பழைய திகதியைப் போட்டிருக்கிறார்கள் என்றேன். சேர் வெகுநேரம் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பிறகு என்னை வீட்டுக்குப் போகச் சொன்னார். நாளைக்கு வரலாமோ என்று கேட்காமல் பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

மறுநாள் கேட்காமலே வந்தேன். முதல் பக்கத்தில் அதே உறை அப்படியே இருந்தது. கீழே போலி என்று தட்டச்சு செய்து, கண்டுபிடித்தவர் என்று என் பெயரையும் போட்டிருந்தார்.

"நடுவர் கேட்டா நீர்தான் விளங்கப்படுத்த வேணும்."

"எனக்கு இங்கிலீஷ் வராது சேர்."

"முத்திரை குத்த இங்கிலீஷ் வேணுமே?"

கண்காட்சியில் நடுவர்கள் கேட்டார்கள். முத்திரை குத்திக் குத்தித் தேய்வதைக் காட்ட, மேசையில் முஷ்டியால் பத்துப் பன்னிரண்டு தடவை குத்தினேன். வெடிப்பைத் தொட்டு, "அயர்ன் நோ குரோ" என்றேன். ஒருவர் குனிந்து பார்த்துவிட்டுக் குறித்துக்கொண்டார்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருபவர்களுக்கு: ஒரு முத்திரையின் முந்திய அச்சையும் பிந்திய அச்சையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பார்த்ததை உடனே சொல்லுங்கள். என் மேசைக்கும் சேரின் மேசைக்கும் இடையில் நாலு அடிதான். அதைக் கடக்க எனக்கு ஒரு காலை முழுதும் பிடித்தது.