கஞ்சி போட்ட கறுப்புத் துணி

வாலாஜாபாத் சாலையில் நடந்துகொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் காஞ்சிபுரம் கோபுரத்தின் மேல்பகுதி இன்னும் தெரியும். பார்க்கவில்லை. பஸ்கள் கடந்து போயின. எதற்கும் கை காட்டவில்லை. தோள்பையில் இரண்டு சட்டை, ஒரு லுங்கி, செய்தித்தாளில் சுற்றிய ஒரு முழம் கறுப்புத் துணி. துணியை அக்காதான் பைக்குள் திணித்தாள். அது வீட்டில் இருக்க வேண்டாம் என்றாள்.

அது கார்பன் நூலில் நெய்தது. தலைமுடியைவிட மெல்லிய கறுப்பு இழைகள் ஆயிரக்கணக்கில் சேர்ந்து பட்டையான நூலாக வரும். அதை நெய்து, அடுக்கடுக்காக வைத்து, பிசின் ஏற்றிச் சூளையில் வேக வைத்தால் இரும்பு போலக் கெட்டியாகும். எடையோ கையில் இருப்பதே தெரியாது. நம் நாட்டில் செய்த சண்டை விமானத்தின் இறக்கை இதனால் ஆனதுதான். இதெல்லாம் பள்ளியில் படித்ததல்ல. எட்டாம் வகுப்பில் பள்ளியை விட்டவன் நான். லாரியில் கிளீனராக இருந்தேன், ஓசூரில் கல்லுடைத்தேன், பெங்களூரில் ஒரு மெஸ்ஸில் மாவாட்டினேன். மெஸ்ஸுக்குச் சாப்பிட வந்தவர்களில் ஒருவர் தன் பட்டறையில் ஆள் வேண்டும் என்றார். போனேன்.

விமானத்துக்கான சின்னச் சின்ன மூடிகளைச் செய்து பார்க்கும் பட்டறை அது. முதலாளி வெளிநாட்டில் படித்தவர், ஆனாலும் எங்களோடு தரையில் உட்கார்ந்துதான் சாப்பிடுவார். விமானத்தின் எஞ்சின் அமெரிக்காவுடையது, உடம்பு நம்முடையது என்பார். பொக்ரானில் குண்டு வெடித்த பிறகு வெளிநாட்டுக்காரர்கள் பல சாமான்களை நிறுத்திவிட்டார்கள். அவருக்கு நூல் எப்படியோ சுற்றி வளைத்து வந்தது. நெய்த துணி வரவில்லை. அந்த விமானம் முதன்முதலாகப் பறந்த அன்று பட்டறையில் எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தார். இனி மற்ற நாடுகள் இதை வாங்க வரும், கூட்டுச் சேர வருவார்கள், நாம் தயாராக இருக்க வேண்டும் என்றார். துணியை இங்கேயே நெய்ய முடிந்தால் எவனிடமும் கையேந்த வேண்டாம் என்றும் சொன்னார். என் அக்கா வீட்டுக்காரர் காஞ்சிபுரத்தில் பட்டுத் தறி நெய்கிறவர் என்று நான் சொன்னது அப்போதுதான்.

மாமாவுக்குத் தறி சொந்தம், அதில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் சொந்தமில்லை. பட்டு முதலாளி பாவும் சரிகையும் கொடுப்பார், சேலை எந்த நிறம் என்றும் அவரே சொல்வார். மாமா நெய்து கொடுப்பார். நன்றாகத்தான் ஓடியது. ஆனால் தனக்கென்று ஒரு வேலை வேண்டும் என்ற ஆசை அவருக்கு வெகுநாளாக இருந்தது. நூல் கண்டுகளை எடுத்துக்கொண்டு நான் போய் இறங்கியபோது, அவற்றைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முதலாளி சொல்லியனுப்பியதைச் சொன்னேன். ஐரோப்பாவிலிருந்து ஒரு கம்பெனிக்காரர் ஆடி மாதம் வருகிறார். இந்தத் துணியில் செய்த மூடி அவர் எதிரில் தேறிவிட்டால் அவர்கள் விமானத்துக்கும் இங்கேயே செய்வார்கள். நெசவு முழுக்க மாமாவுக்கு. தேறாவிட்டால் அவர்கள் நாட்டுத் துணியே வரும். மாமா மறுநாள் காலையிலேயே கல்யாண சீசனுக்கு வந்திருந்த பட்டுப் பாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பட்டு முதலாளி வாங்கிக்கொண்டார். அதை அடுத்த தெருக்காரருக்குக் கொடுத்தார்.

டீக்கடையில் மாமாவை விடவில்லை.

"இன்னாபா, ஏரோபிளேனுக்குப் புடவை கட்டப் போறியாமே? முந்தி எந்தப் பக்கம் வரும், மூக்கிலயா வாலிலயா?"

"உனக்கு இன்னாத்துக்குபா அது? அதுக்குத் தாலி கட்டும்போது பத்திரிகை வைக்கிறேன், வா" என்றார் மாமா.

எண்ணெய் படக் கூடாது, வியர்வை படக் கூடாது, அழுக்கு படக் கூடாது என்று பட்டறையில் சொல்லியிருந்தார்கள். அதை மாமா விரதம் மாதிரி எடுத்துக்கொண்டார். தறி இருந்த வீட்டில் தாளிப்பதை நிறுத்தினார்கள். அக்கா தலைக்கு எண்ணெய் வைக்கவில்லை. அவளுடைய சுருட்டை முடி பறந்துகொண்டிருந்தது. மாமா கைக்கு வெள்ளைத் துணியுறை போட்டுக்கொண்டு தறியில் உட்கார்ந்தார். நூல் பட்டு மாதிரி அடங்கவில்லை. குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடா போய்வரும்போதெல்லாம் பிசிறடித்தது, அறுந்தது, கறுப்புத் தூளாகப் பறந்து கழுத்திலும் மூக்கிலும் ஏறி அரித்தது. அதுவரை பார்த்துவிட்டு நான் பெங்களூருக்குத் திரும்பிவிட்டேன்.

துணியை வாங்கிவரப் போனபோது எனக்கே நம்ப முடியவில்லை. கண்ணாடி போல வழவழவென்று, ஒரு பிசிறு இல்லாமல், ஓரம் நூல் பிடித்தது போல நேராக இருந்தது. அக்கா அதைத் தொடாமல் குனிந்து பார்த்துவிட்டு, "கறுப்பா இருக்குதேன்னு பார்த்தேன், அழகாத்தான் இருக்குது" என்றாள். மாமா அரக்குக் கரை வேட்டி கட்டிக்கொண்டு என்னோடு புறப்பட்டார்.

பட்டறையில் எல்லோருமே துணியைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்கள். முதலாளி மாமாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். மூடிகள் செய்து, வேக வைத்து, வந்த வெள்ளைக்காரர் எதிரில் ஒன்றை இயந்திரத்தில் கவ்வி வளைத்தார்கள். உடையும் சத்தம்கூடக் கேட்கவில்லை. அடுக்கு அடுக்காகப் பிரிந்துவிட்டது, மழையில் நனைந்த புத்தகம் போல. இன்னொன்றை வைத்தார்கள். அதுவும் அப்படியே.

முதலாளி மிச்சத் துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், விரலால் தேய்த்தார். பிறகு மாமாவிடம் மெதுவாகக் கேட்டார், நூலில் ஏதாவது போட்டீர்களா என்று.

மாமாவின் முகத்தில் இன்னும் பெருமை இருந்தது. அவர் சொன்னது எனக்கு வார்த்தை மாறாமல் ஞாபகம் இருக்கிறது.

"வேற ஒண்ணும் போடல சார். கஞ்சி போட்டதுதான். பழைய பச்சரிசி, வடிகட்டி, விடியறதுக்கு முன்னால தெருவுல பாவு இழுத்துக் கட்டி, நானே குச்சு பிரஷ்ஷால தடவினேன். இல்லாட்டி இந்த நூலு அடங்காது சார்."

அழுக்கு படக் கூடாது என்றார்கள். கஞ்சி அழுக்கு என்று எங்கள் பக்கத்தில் யாரும் சொல்ல மாட்டார்கள். பாவு என்றால் கஞ்சி போட்டதுதான். போடாதே என்று சொல்ல வேண்டும் என்று பட்டறையில் ஒருவருக்கும் தோன்றவில்லை, கேட்க வேண்டும் என்று மாமாவுக்கும் தோன்றவில்லை. கஞ்சி பூசிய இழையில் பிசின் ஒட்டாது.

வெள்ளைக்காரர் துணியை வாங்கி முகர்ந்து பார்த்து ஏதோ கேட்டார். "அரிசியான்னு கேக்கறார்" என்றார் முதலாளி. வெள்ளைக்காரர் சிரிக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். நெசவு மிக நன்றாக இருக்கிறது என்றார். ஆனாலும் துணி அவர்கள் நாட்டிலிருந்தே வரட்டும், மூடி மட்டும் இங்கே செய்யலாம் என்று பேசி முடித்தார்கள். பட்டறை பிழைத்துக்கொண்டது.

"இன்னொரு தபா நெய்ஞ்சு தரேன் சார். கஞ்சி இல்லாம" என்றார் மாமா. பார்க்கலாம் என்றார் முதலாளி. அந்தப் பார்க்கலாமுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். மாமாவுக்கும் தெரிந்தது. பஸ் ஆம்பூரைத் தாண்டியது. அப்புறம் அவராகவே, "நல்லாத்தான் நெய்ஞ்சேன் மச்சான்" என்றார். ஆமாம் மாமா என்றேன். வேட்டியில் கறுப்புத் தூள் ஒட்டியிருந்தது. தட்டினார், போகவில்லை.

அவரை வீட்டில் விட்டுவிட்டுத் திரும்பலாம் என்றிருந்தேன். திரும்பவில்லை, சில நாள் அங்கேயே கிடந்தேன். சீசன் முடியும் வரை பாவு இல்லை என்று பட்டு முதலாளி சொல்லிவிட்டார். மாமா அடுத்த தெருவுக்குப் போய் அங்கே கூலிக்கு உட்கார்ந்தார். தான் திருப்பிக் கொடுத்த அதே பாவு, வேறொருவருடைய தறியில். டீக்கடையில் இப்போது யாரும் கேலி பேசவில்லை; அவர் போனால் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு அவர் அந்தக் கடைக்குப் போவதை விட்டுவிட்டார்.

புறப்பட்ட அன்று அக்கா தலை வாரிக்கொண்டிருந்தாள், எண்ணெய் வைத்து. சோறு போட்டாள். நான் கை கழுவியதும் சொன்னாள்.

"கோவம் ஒண்ணுமில்ல தம்பி. நீ வா, சாப்பிடு, படு. ஆனா வெளியூர்ல அது இருக்குது இது இருக்குதுன்னு அவராண்ட வந்து சொல்லாத. அவரு நம்பிடுவாரு."

பிறகுதான் மாமா திரும்பக் கொண்டுவந்திருந்த மிச்சக் கறுப்புத் துணியை எடுத்துவந்து பைக்குள் வைத்தாள். நான் பெங்களூர் பக்கம் போகாமல் எதிர்ப்பக்கமாக நடந்தேன்.

வாலாஜாபாத் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. ரயில் நிலையத்து பெஞ்சில் படுத்தேன். காலையில் ஒரு ரைஸ் மில் வாசலில் ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே நெல் அவியும் வாசனை, அக்கா வீட்டுத் தெருவில் விடியற்காலையில் வருகிற கஞ்சி வாசனை. என்ன வேலை தெரியும் என்று மேஸ்திரி கேட்டார். எது வேண்டுமானாலும் என்றேன். பையை ஆணியில் மாட்டச் சொல்லிவிட்டு, அவித்த நெல்லைக் களத்தில் பரப்பும் பலகையை என் கையில் கொடுத்தார்.