ஐயனாரின் சிவப்புப் பூட்டு

பரசுராமனுக்கு ஐயனார் மேல் இருந்த கடுப்பு இத்தனை வருடமாகியும் ஆறவில்லை. ஒரகடத்தில் கார் உதிரிபாகம் அடிக்கிற கம்பெனியில் அவர் அப்போது தகட்டை அழுத்தி உருவம் கொடுக்கிற பிரஸ் லைனுக்கு லீடர். சரக்கு லாரி ஏறவேண்டிய நேரத்தில் பிரஸ் மக்கர் செய்தது. மெயின்டனன்ஸ் பையன் ஐயனார் வந்தான். பவர் சுவிட்சில் தன் சிவப்புப் பூட்டை மாட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, மெஷினுக்குள் தலையை விட்டான். பழுது பார்க்கிறவன் பூட்டுப் போட்டுவிட்டால் யார் பட்டனை அழுத்தினாலும் மெஷின் அசையாது. அங்கே அதுதான் சட்டம்.

“ஓடற அளவுக்கு ஆயிடிச்சில்ல, பூட்டக் கயட்டுடா” என்று பரசுராமன் கத்தினார். அவர் முதுகுக்குப் பின்னால் மேனேஜர் கத்தினார்.

“இன்னும் சரியாவல அண்ணாச்சி. பூட்டுனவன்தான் தொறக்கணும். ஏசணும்னா ஏசிக்கோங்க.”

சங்கரன்கோவில் பக்கத்துப் பையன். ஏச்சையெல்லாம் வாங்கிக்கொண்டு கல்லாட்டம் நின்றான். லாரி காலியாகப் போனது. பரசுராமனின் லீடர் பதவியும் கூடவே போனது.

அவனுக்குத்தான் மண்ணூரில் தங்கள் வீட்டு மாடி அறையை வாடகைக்கு விட்டாள் அவர் மனைவி கனகலட்சுமி.

“ஊர்ல வேற எவனும் கெடக்கலியா உனுக்கு?”

“வந்தவனுங்கள்ல கதவ மெதுவா சாத்தன புள்ள இவன் ஒருத்தன்தான்.”

ஒருமுறை கம்பெனியில் எல்லாருக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஐயனாரை மட்டும் மறுபடி கூப்பிட்டார்கள். இடது விலாவுக்குக் கீழே கனக்கிறது, தூக்கத்தில் வேர்க்கிறது என்று அவன் முன்பே சொல்லிக்கொண்டிருந்தான். கேன்டீன் சோறு என்று எல்லாரும் சிரித்தார்கள். வந்திருந்தது ரத்தப் புற்றுநோய்.

அவனுக்கு இங்கே ஆள் இல்லை. சென்னை ஆஸ்பத்திரிக்குப் பரசுராமன்தான் கூடப் போனார், வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டு. டாக்டரம்மாவிடம் அவர் முதலில் கேட்டது, “ஒரே வூட்ல கீறோம், ஒட்டிக்குமா?”

“ஒட்டாது” என்றார் அந்த அம்மா. பிறகு பொறுமையாகச் சொன்னார். எலும்புக்குள் ரத்தம் ஊறுகிற இடத்தில் ஏதோ ஒரு உயிரணுவுக்குள் இரண்டு குரோமோசோம்களின் துண்டுகள் இடம் மாறி ஒட்டிக்கொண்டன. அதனால் புதிதாக ஒரு புரதம் உண்டாகி, பெருகு பெருகு என்று ஓயாமல் கட்டளை போடுகிறது. அந்தப் புரதத்தில் சக்தி வந்து ஏற ஒரு குழி இருக்கிறது. இமாடினிப் என்ற இந்த மாத்திரை போய் அந்தக் குழியில் உட்கார்ந்துகொள்ளும். சக்தி ஏறாது, கட்டளை நிற்கும், கட்டளையையே நம்பி வாழ்ந்த அணு செத்துப்போகும். பழைய மருந்துகள் பெருகுகிற அணு எதுவானாலும் அடிக்கும், முடி கொட்டுவது அதனால்தான். இது பெரும்பாலும் குறி பார்த்துப் போகிறது. தினமும் சாப்பிட்டபின் விழுங்கவேண்டும், விடவே கூடாது.

ஐயனார் சிரித்துவிட்டான். “நம்ம பூட்டுப் போடுற சோலிதான் அண்ணாச்சி.”

பரசுராமனுக்குச் சிரிப்பு வரவில்லை. பூட்டு விழுந்தால் மெஷின் நிற்கும், மெஷின் ஒழியாது என்பது அவருக்குத் தெரியும்.

மாத்திரை வேலை செய்தது. ரத்த அணுக் கணக்கு இறங்கியது, விலாக் கனம் போனது. கண் மட்டும் வீங்கும், வாந்தி வரும். ஐயனார் பழையபடி ஷிப்ட் போனான், ஓடியும் பார்த்தான். பரசுராமனுக்குக்கூடப் பயம் கொஞ்சம் விட்டிருந்தது. அப்போதுதான் மாடியைப் பெருக்கப்போன கனகலட்சுமி, பிரிக்காத பழைய மாத்திரை அட்டைகளைக் கொண்டுவந்து அவர் மடியில் போட்டாள்.

“இன்னாடா இது?”

ஐயனார் தலையைச் சொறிந்தான். “லைன் ஓடாத நாளு முழுங்கல அண்ணாச்சி. லீவு அன்னைக்கு பூட்டு எதுக்கு? வாந்தி இல்லாம மீன்கொழம்பு திங்கலாம்னு…”

“உன் ரத்தத்துக்கு எவன்டா வீக்லி ஆஃப் குடுத்தான்?”

அடுத்த பரிசோதனையில் கணக்கு ஏறியிருந்தது. பூட்டு இல்லாத நாளில் மிச்சமிருந்த அணுக்களுக்குப் பெருக வழி கிடைத்திருக்கிறது என்றார் டாக்டரம்மா. பெருகும்போது ஒன்றைப் பார்த்து ஒன்று நகல் எடுக்கிறது, நகலில் பிழை விழுகிறது. ஏதோ ஒரு பிழை அந்தக் குழியின் வடிவத்தையே மாற்றியிருந்தால் இந்த மாத்திரை இனி அதில் பொருந்தாது. வேறு மருந்துகள் உண்டு. ஆனால் எல்லாக் குழிக்கும் எல்லாம் பொருந்தாது. ஜீன் பரிசோதனைக்கு அனுப்பினார்கள்.

முடிவு வரும்வரை பரசுராமன் மாடிப்படியில் அவன் இறங்கிவரும் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டிருப்பார். ஒரு படியில் நின்றால் இவர் எழுந்து வாசலுக்குப் போவார். ஆள் எதிரே உட்கார்ந்து இட்லி தின்கிறான், உள்ளே அது நகல் எடுத்துக்கொண்டிருக்கிறது. எந்தப் பட்டனை அழுத்தி நிறுத்துவது?

குழி மாறித்தான் இருந்தது. பொருந்தக்கூடிய மருந்து ஒன்று கிடைத்தது.

“இதுவும் நயுவிச்சின்னா?” என்றார் பரசுராமன்.

டாக்டரம்மா நேராக அவரைப் பார்த்தார். “அதுக்கப்புறம் வழி ரொம்பக் குறுகிடும்.”

வீடு வந்ததும் படிக்கட்டில் ஐயனார் நின்றான். புது மாத்திரைப் பையை அவர் கையில் கொடுத்தான். அதன்மேல் தன் சிவப்புப் பூட்டையும் சாவியையும் வைத்தான். அவரிடம் அவன் கேட்டது இது ஒன்றைத்தான்.

“உங்க பீரோவுல வச்சிப் பூட்டுங்க அண்ணாச்சி. தெனம் நீங்களே எடுத்துக் குடுங்க. ஒரு நா வேண்டாம்பேன், கத்துவேன், உங்க ஆத்தாளை இழுத்து ஏசுவேன். நீங்க மட்டும் அன்னைக்கு நான் பிரஸ்கிட்ட நின்ன மாதிரி நின்னுருங்க.”