ஐந்தரை மணி நேரப் பிழை

காலை 11.10, அடுகோடி பேருந்து நிறுத்தம். நாகப்பட்டினத்து வானம் எப்படி இருக்கிறது என்று பார்க்க, பெங்களூருக்குக் குறுக்கே கிளம்பினேன். சிரிக்காதீர்கள். கடல் அங்கே இருக்கிறது. அதன்மேல் நிற்கும் மேகத்தைக் காட்டும் இணையக் கடை சிவாஜிநகரில் இருக்கிறது. எங்கள் பக்கத்துக் கடைகளுக்கு ஞாயிறு பூட்டு.

நான் ஓசூர் ரோட்டில் சட்டை தைக்கும் ஆலையில் வேலை செய்கிறேன். என் வீட்டுக்காரர் செல்வம் நாகையில் விசைப்படகு டிரைவர். கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகிறது. சேர்ந்திருந்த நாட்களைக் கூட்டினால் இரண்டு மாதம் தேறாது.

காலையில் போன் செய்தபோது, சாயங்காலம் நாலு மணிக்குக் கடலுக்குப் போகிறோம், நாலு நாள் தங்கல் என்றார். டிவியில் புயல்சின்னம் என்கிறார்களே என்றேன்.

"இங்க வானம் கழுவி விட்டமாரி இருக்கு. போன மாசம் நீ சொன்ன மழை மாரியா?"

அது என் மானம் போன கதை. கணினியில் பார்த்துக் காலை ஆறு மணிக்கு மழை என்று சொன்னேன். வலையையெல்லாம் அள்ளி உள்ளே போட்டுக் காத்திருந்தார்கள். ஒரு தூறல் இல்லை. மறுபடி வெளியே எடுத்துக் காயப்போட்டார்கள். பதினொன்றரைக்குக் கொட்டித் தீர்த்தது. அன்றிலிருந்து துறைமுகத்தில் எனக்கு வானிலை அம்மா என்று பெயர்.

பேருந்து டிக்கெட் ஐந்து ரூபாய். "முந்தெ ஹோகி, முந்தெ ஹோகி" என்று கண்டக்டர் எங்களை முன்னால் தள்ளிக்கொண்டே இருந்தார். ஜன்னலோரம் கிடைத்தது. வெயில் நன்றாக அடித்தது.

12.40, சிவாஜிநகர். துணிக்கடைகளையும் கறிக்கடைகளையும் தாண்டி மாடியேறினேன். ரிச்சர்ட்ஸ் டவுன் ஸ்டெல்லா அக்கா மாதா கோயிலிலிருந்து வந்து அப்போதுதான் தன் இணையக் கடையைத் திறந்திருந்தார். அரை மணிக்குப் பதினைந்து ரூபாய். செயற்கைக்கோள் படம் மேலிருந்து கீழே இஞ்ச் இஞ்சாக இறங்கியது. வங்கக்கடலில் வெள்ளையாக ஒரு சுருள், நாகைக்கு நேர் கிழக்கே.

மூலையில் 0600 என்று இருந்தது. "ஆறு மணிப் படமாக்கா? புயல் இதுக்குள்ள எங்க வந்துடுச்சோ!"

"அய்யோ, அது நம்ம டைம் இல்லம்மா. லண்டன் டைம். அஞ்சரை மணி கூட்டிக்கோ."

கூட்டினேன். பதினொன்றரை. போன மாத மழையும் பதினொன்றரைக்குத்தான் வந்தது. கணினி சொன்னது சரி. நான்தான் வெள்ளைக்காரன் கடிகாரத்தை நாகைக்கு அனுப்பியிருக்கிறேன்.

அங்கேயே இருந்த எஸ்டிடி போனில் துறைமுகத்து டீக்கடைக்கு அடித்தேன். செல்வம் வந்தார். தப்பை ஒப்புக்கொண்டேன். இப்போது நேரத்தைச் சரியாகப் பார்த்துத்தான் சொல்கிறேன் என்றேன்.

"ஐஸெல்லாம் ஏத்தியாச்சுடி. இங்க ஒரு மேகம்கூட இல்ல."

"உங்க கண்ணுக்கு இன்னும் வரல. என் கண்ணு முன்னால இருக்கு. இந்தப் படத்துல உங்களத்தான் காணோம். போகாதீங்க."

சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. எஸ்டிடி மீட்டர் ஓடிக்கொண்டே இருந்தது.

"சரி. நான் எடுக்கலன்னா படகு போவாது. அழுவாத."

திங்கள் நள்ளிரவில் புயல் நாகை அருகே கரையைக் கடந்தது. மறுநாள் காலை டீக்கடைக்குப் போன் போகவில்லை. மதியம்தான் அவரே ஆலைக்கு அடித்தார். இரண்டே வார்த்தை பேசினார்: "நனைஞ்சிட்டேன். நல்லாருக்கேன்."

அன்று மாலை ஆலை விட்டபோது அடுகோடியில் மழை பிடித்துக்கொண்டது. எங்கள் ஊர் மழை மாதிரி அறையாது இந்த ஊர் மழை. சன்னமாக, விடாமல் பெய்யும். கூட வந்தவர்கள் கடை ஓரங்களில் ஒதுங்கினார்கள். "குடை இருக்குல்ல, பிடிடி" என்று கத்தினார்கள்.

நான் குடையை விரிக்கவில்லை. நாகையில் அவரை நனைத்துவிட்டு வந்த மழை. வீடுவரை நனைந்துகொண்டே நடந்தேன்.