நாக்குக்கு ஒன்று, சீசாவுக்கு ஒன்று

போன செவ்வாய்க்கிழமை, சேலத்தில் நான் வேலை பார்க்கும் ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைக்கு மரவள்ளி மாவு ஏற்றிப்போகக் குமாரபாளையத்திலிருந்து லாரி வந்தது. டிரைவர் வழக்கமாக இறங்கியதும் டீ எங்கே என்று கேட்பவர். அன்று நேராக ஆய்வக வாசலுக்கு வந்து நின்றார்.

"கெமிஸ்ட் சார், குமாரபாளையத்துல நம்ம கஞ்சி மேஸ்திரி போயிட்டாருங்க. ஞாயித்துக்கிழமை மத்தியானம் சோறு உண்டுபோட்டுப் படுத்தவரு, எந்திரிக்கலீங்க. நோவு நொடின்னு படுக்காமப் போயிட்டாரு."

"மூட்டையைக் கொண்டாரச் சொல்லுங்க, சாம்பிள் பாக்கோணும்" என்று மட்டும் சொன்னேன். அவர் போனதும் உட்கார்ந்து அழுதேன்.

நல்லமுத்து மேஸ்திரியோடு குமாரபாளையத்துச் சைசிங் மில்லில் வேகாத வெயிலில் வெந்தவர்களுக்கு அவர் வேலையை நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் ஓயாமல் உரசி அறுபடும். அறுபடாமல் இருக்க அதற்குக் கஞ்சி போட வேண்டும், அதுதான் சைசிங். அந்தக் கஞ்சியைப் பெரிய தொட்டியில் காய்ச்சிப் பதம் சொல்வது மேஸ்திரியின் பொறுப்பு. கஞ்சி சரியாக வந்துவிட்டால் "புடிக்குதுங்க" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

எழுபதுகளின் கடைசியில் நான் அங்கே கெமிஸ்டாகச் சேர்ந்தேன். பட்டம் வாங்கியவன் என்ற திமிர் இருந்தது. தொட்டிப் பக்கம் போனால் சட்டை பாழாகும் என்று ஆய்வகத்திலேயே உட்கார்ந்திருப்பேன். மேஸ்திரி என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஆனாலும் "சார்" என்றுதான் கூப்பிடுவார். எனக்கு அது நியாயமாகவே பட்டது. இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஓர் ஆண்டு ஆடி முடிந்த கையோடு தறிக்காரர்கள் கஞ்சி போட்ட பாவுகளைத் திருப்பிக் கொண்டுவந்து போட ஆரம்பித்தார்கள். தறியில் ஏற்றினால் நூல் அறுந்துகொண்டே இருக்கிறதாம். தீபாவளி நெருங்குகிற நேரம். முதலாளி என்னைக் கூப்பிட்டு, தினமும் கஞ்சியைச் சோதித்து எழுதித் தரச் சொன்னார்.

மாவு என்பது குளுக்கோஸ் என்ற சின்னஞ்சிறு மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்ட நீண்ட சங்கிலி. இரண்டு கண்ணிகள் சேரும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு நீர் மூலக்கூறு கழன்று வெளியே போகும். சங்கிலி நீளமாக இருக்கும்வரைதான் கஞ்சிக்குப் பசை. ஒரு சொட்டு அயோடின் விட்டால் கருநீலம் காட்டும். சங்கிலி துண்டு துண்டாகிவிட்டால் நீலம் போய்ச் செம்பழுப்பு வரும். மேஸ்திரி தினமும் ஒரு பித்தளை டம்ளரில் கஞ்சி அனுப்பினார். எனக்கு நேரம் ஒழியும்போது, ஒரு மணி நேரம் கழித்து எடுத்துப் பார்ப்பேன். தினமும் செம்பழுப்பு. தண்ணீராய் நெகிழ்ந்தும் போயிருக்கும்.

"கஞ்சி கெட்டிருக்கிறது. அளவுக்கு மீறிக் காய்ச்சப்படுகிறது" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

மேஸ்திரி ஆய்வகத்துக்கு வந்தார். "ஏனுங்க சார், கஞ்சி நல்லாத்தானுங்க இருக்குது. நூலுதானுங்க மாறிப்போச்சு. தொட்டாலே வழுக்குது" என்றார்.

"அயோடின் பொய் சொல்லுமா மேஸ்திரி?" என்று கேட்டேன். அவர் அயோடின் சீசாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போய்விட்டார்.

முதலாளி அவரிடம், "நல்லமுத்து, கெமிஸ்ட் எழுதியே குடுத்துட்டாரு. இந்த வாரத்தோட நின்னுக்கப்பா" என்று சொன்னது அடுத்த திங்கட்கிழமை. கஞ்சியைக் கெடுத்தவன் என்ற பெயரோடு வெளியே போனால் குமாரபாளையத்தில் மட்டுமல்ல, ஆற்றுக்கு அந்தப் பக்கம் பவானியிலும் ஒருவரும் சேர்க்க மாட்டார்கள். மேஸ்திரிக்கு வேறு தொழில் தெரியாது. அந்த வாரம் முழுக்க என்னிடம் ஒரு வார்த்தை கடுமையாகப் பேசவில்லை. அதுதான் எனக்கு முள்ளாய்க் குத்தியது.

அந்தச் சனிக்கிழமை அவருக்குக் கடைசி நாள். டம்ளர் வந்தது. அயோடின் விட்டேன். கருநீலம். இன்னொரு சொட்டு விட்டேன். மைக்கூடு கவிழ்ந்ததுபோல் இருந்தது. அதே மாவு, அதே தொட்டி, காய்ச்சியவரும் அவரே. முதல்முறையாகத் தொட்டிப் பக்கம் ஓடினேன்.

"மேஸ்திரி, இன்னைக்கு என்ன மாத்திச் செஞ்சீங்க?"

"ஒண்ணும் மாத்தலீங்க. புரட்டாசி மொதச் சனிக்கிழமைங்க. ஒரு பொழுது. பெருமாளுக்குப் படைக்காம நாக்குல எதையும் வெக்க மாட்டேன். கையிலதான் பதம் பாத்தேன்."

"மத்த நாள்ல?"

"டம்ளர்ல மொண்டு, ஆறவெச்சு, வெரல உட்டு நக்கிப் பாப்பேன். அதே வெரலத் திரும்ப உட்டுப் பாப்பேன். அப்பறம் அந்த டம்ளரையே உங்களுக்கு அனுப்புவேன்."

எச்சிலில் இருக்கும் நொதி மாவுச் சங்கிலியை வெட்டிப் போடும். வெட்டும் இடத்திலெல்லாம், கோக்கும்போது கழன்று போன நீரைத் திரும்பச் சேர்க்கும். வெதுவெதுப்பான டம்ளர், ஒரு மணி நேரம். அதற்கு வேறென்ன வேண்டும்? தொட்டியில் இருந்த கஞ்சிக்கு ஒரு குறையும் இல்லை. நான் இத்தனை நாளாக மேஸ்திரியின் எச்சிலைச் சோதித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

சொன்னேன். கோபப்படுவார் என்று பயந்தேன். அவரோ, "அதானுங்களா சார், வெறுஞ்சோத்தை ரொம்ப நேரம் மென்னா இனிக்குது?" என்று கேட்டார். பட்டம் வாங்கிய எனக்குத் தோன்றாத கேள்வி அது. அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "என் எச்சிலுக்கு முதலாளி சம்பளம் குடுத்து ஒரு கெமிஸ்டை வெச்சிருக்காரு பாருங்க."

இரண்டு பேருமாக முதலாளியிடம் போனோம். "தப்பு என்னுதுங்க. மேஸ்திரி சொன்னதுதான் சரி, நூல்தான் மாறியிருக்கு" என்றேன். அது பாலியஸ்டர் கலந்த புது நூல். பருத்தியும் மாவும் ஒரே குளுக்கோஸ் வெவ்வேறு விதமாகக் கோத்துக்கொண்டவை. ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். பாலியஸ்டரும் சங்கிலிதான், ஆனால் கண்ணிகளே வேறு. மாவுக்கு அது பிடி கொடுக்காது. செயற்கைப் பசை கொஞ்சம் கலந்தால் நிற்கும் என்றேன். மேஸ்திரி அதை முதலாளிக்கு விளங்குகிற மாதிரிச் சொன்னார்: "பருத்தியும் கஞ்சியும் பங்காளிங்க, ஒட்டிக்கும். இவன் அசலூருக்காரன். நடுவுல ஒரு தரகர் வேணுங்க."

முதலாளி மேஸ்திரியைப் பார்த்துச் சிரித்தார், என்னைப் பார்த்து முறைத்தார். தரகர் வந்தார். பாவு தறியில் நின்றது. அந்தத் தீபாவளிக்கு மேஸ்திரி வீட்டிலிருந்து எனக்கு ஒரு தூக்குப்போசி நிறைய அதிரசம் வந்தது. அவரை வேலையை விட்டு அனுப்பப் பார்த்தவனுக்கு அதிரசம். அப்படிப்பட்ட மனுஷன்.

அதற்குப் பிறகு ஆறு ஆண்டுகள் ஒன்றாக இருந்தோம். அவர் இரண்டு டம்ளர் மொள்வார். "நாக்குக்கு ஒண்ணு, சீசாவுக்கு ஒண்ணு" என்பார். அவர் பதம் சொன்ன பிறகுதான் நான் அயோடினைத் திறப்பேன். இரண்டும் ஒத்துப்போகாத நாள்களில் நான் என் கணக்கை மறுபடி போட்டுப் பார்ப்பேன். பெரும்பாலும் தப்பு என் பக்கம் இருக்கும். சேலத்துக்கு வந்த பிறகும் இரண்டு டம்ளர் மொள்கிறேன். இங்கே நாக்குக்கு ஆள் இல்லை. அந்த டம்ளர் சும்மா ஆறிக்கொண்டிருக்கும், கடைசியில் கொட்டிவிடுவேன்.

அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அந்த நாக்கு டம்ளர்தான்.

செவ்வாய்க்கிழமை கண்ணைத் துடைத்துக்கொண்டு மாவைக் காய்ச்சினேன். இரண்டு டம்ளரில் ஊற்றினேன். சீசா டம்ளரில் நல்ல கருநீலம். மற்றதைக் கொட்ட மனம் வரவில்லை. விரலை விட்டு நக்கிப் பார்த்தேன்.

லாரி டிரைவர் வாசலில் நின்று, "என்னங்க சார், மூட்டைய ஏத்தலாங்களா?" என்று கேட்டார்.

"ஏத்துங்க," என்றேன். "புடிக்குதுங்க."