வாபஸ்

பெட்டிஷன் அம்மாளைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லுங்கள் என்று அந்தத் தெருவில் யாராவது கேட்டால், கேட்டவனுக்குத்தான் பைத்தியம் என்பார்கள். தெருவிளக்கு எரியவில்லை என்று எழுதிப் போட்டவள், அது எரிய ஆரம்பித்ததும் கண்ணில் அடிக்கிறது என்று எழுதிப் போட்டாள். பெரிய ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். அங்கே டாக்டர்களே அவள் வருவதைப் பார்த்தால் வேறு வழியாகப் போவார்களாம். புருஷன் நிம்மதியைத் தேடித்தான் போய்ச் சேர்ந்தார் என்று பக்கத்து வீட்டுக்காரி சொல்வாள். அதில் உண்மை இல்லாமலும் இல்லை.

வாழ்நாள் சம்பாத்தியத்தைக் கொட்டிக் கட்டிய வீட்டின் மாடியை மனித உரிமை அமைப்பு ஒன்றுக்கு வாடகைக்கு விட்டிருந்தாள். அன்று பிடித்த தலைவலி. போலீஸ் கூட்டிப்போய்த் திரும்பி வராத பிள்ளைகளின் தாய்மார்களும், கூட்டத்தில் பேசியதற்காக வேலை பறிபோனவர்களும் அழுதுகொண்டே படியேறுவார்கள். மாடியில் செயலாளரும் அவன் மனைவியும் அவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதிக்கொண்டு, வக்கீலைப் பிடித்து, கோர்ட்டுக்கு அலைவார்கள். அம்மாளுக்கு அந்தக் கதையெல்லாம் வேண்டாம். அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: போட்ட மோட்டாரை அந்த ஒட்டடைக்குச்சிச் செயலாளர் நிறுத்துவதில்லை. தொட்டி வழிந்து அவள் படுக்கையறைச் சுவர் பாசி பிடித்துவிட்டது.

"ஊர் உலகத்துக்கெல்லாம் நியாயம் கேக்கறியே, ஒரு சுவிட்ச அமுக்கத் தெரியாதா உனக்கு?" என்று ஒருநாள் படியடியில் நின்று கத்தினாள்.

செயலாளர் அவசரத்தில் இருந்தான். "அம்மா, புகார் கொடுக்கறது உங்க உரிமை. போய்க் கொடுங்க," என்று சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

அந்தச் சிரிப்புதான் ஆகவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு நேரே ஸ்டேஷனுக்குப் போனாள்.

அதுவரை அவள் தலையைக் கண்டாலே எல்லோரும் ஃபைலுக்குள் முகத்தை நுழைத்துக்கொள்வார்கள். அன்றைக்கு, மாடிக்காரன் என்று சொன்னதும் நாற்காலி வந்தது. டீ வந்தது. வயசான காலத்தில் இப்படியா படுத்துவார்கள் என்று இன்ஸ்பெக்டர் உச்சுக் கொட்டினார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். நாற்பது வருஷம் வார்டையே ஆட்டி வைத்தவளுக்கு அது உறைக்கவில்லை. மதித்துக் கேட்கிறார்களே என்று குளிர்ந்துபோய், ரைட்டர் எழுதியதைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டாள்.

மறுநாள் காலை ஜீப் வந்தது. மாடியிலிருந்த கம்ப்யூட்டர், கட்டுக்கட்டான காகிதம், கடைசியாகச் செயலாளர் என்று ஒவ்வொன்றாக இறங்கின. ரகசியக் கூட்டம் போடுகிறான், ஆயுதம் எடுக்கச் சொல்லித் தூண்டுகிறான், வீட்டுக்காரி காதால் கேட்டிருக்கிறாள் என்று வழக்கு. வருஷக்கணக்கில் உள்ளே வைக்கிற வழக்கு.

அவன் மனைவி கீழே வந்து, "குளுந்துச்சா மனசு?" என்று மட்டும் கேட்டாள்.

செயலாளரை அம்மாளுக்குப் பிடிக்காது. இன்றைக்கும் பிடிக்காது. ஆனால் சொல்லாததைச் சொன்னதாக எழுதி, அவள் கையைக் கொண்டே ஒருவனை உள்ளே தள்ளிவிட்டார்களே! திரும்ப ஸ்டேஷனுக்கு ஓடினாள்.

"நான் மோட்டாரப் பத்தித்தான் சொன்னேன். புகார வாபஸ் வாங்கிக்கறேன்."

நாற்காலி வரவில்லை. இன்ஸ்பெக்டர் பல் குத்திக்கொண்டே சொன்னார்: "புகார்தாம்மா உங்களுது. கேஸ் எங்களுது. இல்லேன்னு கோர்ட்ல சொன்னீங்கன்னா, பொய்ப் புகார் கொடுத்த கேஸ் உங்க மேல வரும். மாடி கட்ட அனுமதி வாங்கினீங்களா? அதையும் கொஞ்சம் பாக்கணும்."

வீட்டுக்கு வந்தவள் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். பயம்தான். வீட்டை விட்டால் அவளுக்கு வேறு நாதியில்லை. அழுது முடித்து முகத்தைக் கழுவிக்கொண்டு மாடியேறினாள்.

பெஞ்சில் பெண்கள் காத்திருந்தார்கள். செயலாளரின் மனைவி நிமிராமலே, "உக்காருங்க. உங்களுக்கு முன்னாடி வந்தவங்க இருக்காங்க," என்றாள். அம்மாள் உட்கார்ந்தாள். பக்கத்திலிருந்தவள் எழுந்து சுவரோரமாகப் போய் நின்றாள்.

முறை வந்தபோது, செயலாளரின் மனைவி போலீஸ்காரர்களைவிடக் கடுமையாகக் கேட்டாள். எத்தனை மணிக்குப் போனீங்க, யார் எழுதினது, ஏன் படிக்கல, உங்களுக்குப் படிக்கத் தெரியாதா. அம்மாள் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"இதக் கோர்ட்ல சொன்னா உங்களையும் பிடிப்பாங்க. வீட்டுக்கும் ஆபத்து. தெரிஞ்சுதான் சொல்றீங்களா?"

"தெரியும். எழுது."

ஜாமீன் விசாரணையன்று அம்மாள் எழுந்து நின்றாள். அரசு வக்கீல், இவனை உங்களுக்கு ரொம்பப் பிடிக்குமோ என்று நக்கலடித்தார். "பிடிக்காது. மோட்டார நிறுத்த மாட்டான், வாடகைய இழுத்தடிப்பான். அதத்தான் சொன்னேன். ஆயுதம் கீயுதம்னு எழுதினது அவங்க," என்றாள் அம்மாள். நீதிபதிக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஜாமீன் கிடைத்தது, செயலாளர் மறுநாள் வெளியே வரலாம்.

ஆனால் கோர்ட் வாசல் தாண்டுவதற்குள் அம்மாளைப் பிடித்துக்கொண்டார்கள். பொய்ப் புகார். அதே ஸ்டேஷன். இந்தத் தடவை தரை. குடிக்கத் தண்ணீர் கேட்டாள். யாருக்கும் காது கேட்கவில்லை. தனக்கு யார் வரப்போகிறார்கள் என்று யோசித்துப் பார்த்தாள். ஒரு முகமும் தோன்றவில்லை. தெருவில் யாரைத்தான் விட்டுவைத்திருந்தாள்?

விளக்குப் போடும் நேரத்துக்கு வக்கீலோடு உள்ளே நுழைந்தாள் செயலாளரின் மனைவி. பெண்ணை இரவில் ஸ்டேஷனில் வைக்கச் சட்டம் இல்லை என்று அவள் போட்ட சத்தத்தில் ரைட்டர் எழுந்தே நின்றுவிட்டார். சொந்த ஜாமீனில் கையெழுத்து வாங்கிக்கொண்டு விட ஒத்துக்கொண்டார்கள். கையெழுத்துக்குக் கொடுத்த காகிதத்தை இந்தத் தடவை செயலாளரின் மனைவிதான் முதலில் வாங்கி, வரிவரியாகப் படித்துவிட்டு அம்மாளிடம் நீட்டினாள்.

வாசலில் அம்மாள் நின்றாள். "நீ எதுக்குடியம்மா வந்தே எனக்காக?"

"எனக்கு உங்க மூஞ்சியப் பாக்கவே பிடிக்கல," என்றாள் அவள். "அதுக்காக உங்கள இவங்க கையில விட்டுட முடியுமா?"

மன்னிப்புக் கேட்க அம்மாள் வாயெடுத்தாள்.

"ஒண்ணும் பேசாதீங்க. உங்க கேஸுக்கு இனிமேதான் வேலையே இருக்கு. நடங்க," என்றாள் செயலாளரின் மனைவி.