பஸ்ஸில் பிடித்த கை

அரியலூர் ஆபீஸ் ஒன்றில் எனக்குக் கணக்கு வேலை. காலையில் நாற்காலியில் உட்கார்ந்தால் சாப்பாடுகூட அங்கேயேதான். ஒருநாள் மாலை ஜெயங்கொண்டம் பஸ்ஸில், சில நாளாக வலித்த கெண்டைக்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து சீட்டுப் பெண் சட்டென்று என் கையைப் பிடித்தாள்.

“தேய்க்காதீங்கக்கா! ஒரு கால் மட்டும் வீங்கியிருக்கு பாருங்க. நான் நர்ஸு. வூட்டுக்குப் போவ வேணாம், ஆஸ்பத்திரிக்குப் போவோம் வாங்க.”

தன் ஊரில் இறங்காமல் என்னோடு வந்தாள்.

ஸ்கேன் பார்த்த டாக்டர், “கால் ரத்தக்குழாய்ல ரத்தம் கட்டியிருக்கும்மா. தேய்ச்சு அது நகர்ந்து நுரையீரலுக்குப் போயிருந்தா உயிருக்கே ஆபத்து. நாள் பூரா உட்காந்தே இருப்பீங்களா? அதனாலயும் இப்படிக் கட்டும்.” என்றார்.

அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

மருந்தில் குணமாகிவிட்டது. இப்போது வேலைக்கு நடுவே அடிக்கடி எழுந்து நடக்கிறேன். ஆனால் கால் வலித்த அத்தனை நாளும், ஓய்வு கொடுப்பதாக நினைத்து நாற்காலியை விட்டு எழாமல் இருந்தவள் நான்.