விரல்கள் படித்த கடிதம்

பழைய கணினியில் இருந்ததைப் புதியதற்கு மாற்ற எனக்கு மூன்று நாள் பிடித்தது. சென்னையில் வேலை பார்க்கும் மகள் ஒரு லேப்டாப் வாங்கி அனுப்பிவிட்டு, "அரை மணி நேர வேலைம்மா" என்றாள். அவளுக்கு அரை மணி நேரம். நான் ஒவ்வொரு கோப்பின் பெயரையும் பார்த்து, இது வேண்டும், இது வேண்டாம் என்று பிரித்து, பென் டிரைவில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி இறக்கினேன். எதையும் திறந்து பார்க்கவில்லை. அது என் பழக்கம். முப்பத்தோரு வருடம் காரைக்காலில் ஓர் அலுவலகத்தில் தட்டச்சு வேலை பார்த்தவள் நான். இடமாற்றம், புகார், மன்னிப்புக் கடிதம் எல்லாம் என் கை வழியாகத்தான் போயின. விரல் படிக்கலாம், மனம் படிக்கக் கூடாது என்பது எனக்கு நானே போட்டுக்கொண்ட சட்டம். அதனால்தான் அத்தனை பேரோடும் ஒரே மேசையில் உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிட முடிந்தது.

வீடு நெடுங்காட்டில். கணினி வாங்கியது மகள் படிப்புக்காக. அவள் சென்னைக்குப் போன பிறகு அதை என் கணவர் பிடித்துக்கொண்டார். அவர் விவசாயி. எங்களுடையது கடைமடை நிலம். ஆற்றில் தண்ணீர் விட்டாலும் எங்கள் வாய்க்காலுக்கு வந்து சேருவது கடைசியில்தான், அதுவும் வந்தால். அதனால் வருடா வருடம் மனுக்கள் போகும். முதலில் அவர் சொல்ல நான் அடித்தேன். "நீ என் வார்த்தைய மாத்திடுற" என்று ஒரு நாள் சண்டை போட்டுவிட்டு, தானே ஒற்றை விரலால் அடிக்க ஆரம்பித்தார். நான் மாற்றியது உண்மைதான். அவர் எழுதச் சொன்னபடி அடித்திருந்தால் அதிகாரிகள் மனுவைக் கிழித்துப் போட்டிருப்பார்கள்.

மாற்ற வேண்டியவற்றில் ஒன்று மட்டும் மனு இல்லை. அவருடைய தங்கைக்கு, அதாவது என் நாத்தனாருக்கு, அவர் எழுதிய கடிதம். கடைசி வாரத்தில் தினமும் கொஞ்சம் அடித்தார். நான் அந்தப் பக்கம் போனால் கையால் திரையை மறைத்துக்கொள்வார். கோப்புக்குத் தங்கை பெயரையே வைத்திருந்ததால் யாருக்கு என்று எனக்குத் தெரியும். அறுவடை முடிந்த நாலாம் நாள் காலையில் நெஞ்சு வலிக்கிறது என்றார். காரைக்கால் ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது. அதற்கு முன்பு ஒன்பது வருடமாக அண்ணனுக்கும் தங்கைக்கும் பேச்சில்லை.

காரணம் ஒரு காதுகுத்து. தங்கை மகளுக்கு நெரவியில் வைத்துக் காது குத்தினார்கள். தாய்மாமன் மடியில் குழந்தையை உட்கார்த்தி வைத்துக் குத்துவது முறை. தாய்மாமன் வரவில்லை. நல்ல நேரம் போகிறது என்று ஆசாரி அவசரப்படுத்த, குழந்தையின் பெரியப்பா மடியில் வைத்துக் குத்திவிட்டார்கள். அன்றைக்குப் பார்த்து வாய்க்காலில் தண்ணீர் வந்ததால் இவர் வயலைவிட்டு நகரவில்லை என்று ஊரில் பேச்சு. இவரும் அதை மறுக்கவில்லை. உண்மையில் அவர் போனார். தாமதமாகப் போய்ப் பந்தலுக்கு வெளியே நின்றிருக்கிறார். அன்று மாலை திரும்பி வந்து என்னிடம் மட்டும் சொன்னார். "பார்த்தா. பார்த்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிட்டா." அதற்கு மேல் அதைப் பற்றி அவர் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை.

அவர் சாவுக்கு நாத்தனார் வந்தாள், கருமாதிக்கு வந்தாள், போய்விட்டாள். கடிதம் இருப்பதை நான் சொல்லவில்லை. எனக்கு அவள்மேல் கோபம். கூப்பிட்டிருக்கலாம், ஒரு வார்த்தை "வாங்கண்ணே" என்றிருக்கலாம் என்ற கோபம். இரண்டு வருடம் அப்படியே போயிற்று. கோப்புகளை மாற்றும்போதுதான் அந்தப் பெயர் கண்ணில் பட்டது. வீடு காலி செய்கிறபோது அடுத்தவர் பாத்திரத்தையும் சேர்த்து மூட்டை கட்டுகிற மாதிரி இருந்தது. ஃபோன் செய்தேன்.

"உங்கண்ணன் ஒனக்கு எழுதின கடுதாசி ஒண்ணு கம்ப்யூட்டர்ல இருக்கு. வந்து வாங்கிட்டுப் போ."

"திட்டி எழுதியிருக்காங்களா அண்ணி?" என்றாள்.

"நான் படிக்கல. ஞாயித்துக்கிழமை வா" என்று வைத்துவிட்டேன்.

பழைய கணினியைக் காரைக்காலில் ஒரு கடைக்காரர் எடுத்துக்கொண்டார். அது போன மறுநாள், கடிதத்தை அச்செடுக்கலாம் என்று புதியதில் திறந்தால் தமிழே இல்லை. ஆங்கில எழுத்துகளும் புள்ளிகளும் காற்புள்ளிகளுமாகக் கொட்டிக் கிடந்தன. மனுக்களைத் திறந்தேன். அவையும் அப்படியே. கோப்புகளைக் கொண்டுவந்த நான், அவற்றைத் தமிழாகக் காட்டும் எழுத்துருவைக் கொண்டுவரவில்லை. முப்பத்தோரு வருட அனுபவத்துக்கு இது நல்ல அழகு. கடைக்குப் பேசினால், "அன்னைக்கே எல்லாத்தையும் அழிச்சிட்டோங்க" என்றார்கள். அந்தக் காலத்தில் யாரோ போட்டுக் கொடுத்த எழுத்துரு அது, பெயர்கூட எனக்குத் தெரியாது. மகள் நாலைந்து எழுத்துருக்களை அனுப்பினாள். ஒன்றில் பாதி எழுத்து தமிழாக வந்தது, மீதி கட்டம் கட்டமாக நின்றது. ஏதோ இணையதளத்தில் ஏற்றினால் மாற்றித் தரும் என்றாள். கடிதத்தை ஊர் பேர் தெரியாத இடத்தில் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை.

சனிக்கிழமை ஒரு மனுவைத் திறந்துவைத்துக்கொண்டு முறைத்துக்கொண்டிருந்தேன். filkil என்று ஒரு சொல். இரண்டு வரி தள்ளி மறுபடியும் filkil. அதற்கடுத்த பத்தியிலும் அதே. என்ன எழவோ என்று அந்த ஆறு விசைகளையும் அடித்துப் பார்த்தேன். அடித்து முடிப்பதற்குள் விரல்களுக்குத் தெரிந்துவிட்டது. இடது ஆள்காட்டி விரல், க. வலது கை மேலே போய், தட்டச்சில் எழுத்துக்கு முன்னால் அடிக்கும் ஐகாரக் கொம்பு, மோதிர விரலில் ட. கடைமடை. எங்கள் மனுவில் அதைத் தவிர வேறு எந்தச் சொல் அத்தனை முறை வரும்? பதினெட்டு வயதில் தட்டச்சுப் பயிலகத்தில் பழகிய அதே விசைகளின் மேல்தான் அந்த எழுத்துரு உட்கார்ந்திருந்தது. கண்ணுக்கு அது ஆங்கிலக் குப்பை. விரலுக்குத் தமிழ். அந்த மனு முழுவதையும் அப்படியே படித்தேன். கடிதத்தை மட்டும் தொடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு நாத்தனார் வந்தாள். விஷயத்தைச் சொன்னேன். நான் ஒவ்வொரு சொல்லாகக் கண்டுபிடித்துச் சொல்ல, அவள் நோட்டில் எழுதுவது என்று ஏற்பாடு. அவளுக்கு வந்த கடிதத்தை அவளே எழுதிக்கொள்ள வேண்டிய நிலைமை. பேனாவைக் கையில் பிடித்துக்கொண்டு, "சொல்லுங்க அண்ணி" என்றாள்.

மெதுவாகத்தான் போயிற்று. புள்ளி வைக்கும் விசையை அவர் பாதி இடத்தில் விட்டுவிடுவார். தங்கச்சி என்பதில் ஒரு புள்ளிகூட இல்லை. விட்ட புள்ளிகளை நான் சேர்த்துக்கொண்டு சொன்னேன். அன்புள்ள தங்கச்சிக்கு, அண்ணன் எழுதுவது. பாப்பா காதுகுத்துக்கு நான் வரவில்லை என்று எல்லாரும் சொல்கிறார்கள். நான் வந்தேன். அன்று விடியற்காலை தண்ணீர் வந்துவிட்டது. மடையைத் திறந்து வைத்துவிட்டுக் கிளம்ப நேரமாகிவிட்டது. வேட்டியெல்லாம் சேறு. பந்தலுக்கு வெளியே நின்றேன். பாப்பா அழுதது கேட்டது.

அடுத்த வரியை விரல்கள் முதலில் படித்தன. சொல்வதற்கு முன் அதை இன்னொரு முறை விசைகளின் மேல் நடத்திப் பார்த்தேன். தப்பில்லை. அதற்கப்புறம் ஒரே ஒரு வாக்கியம், அத்தோடு கடிதம் நின்றுவிட்டது.

அந்த நிமிடத்தில் நான் எதைச் சொன்னாலும் அவள் எழுதியிருப்பாள். 'நீ பார்த்தாய், பார்த்தும் திரும்பிக்கொண்டாய்' என்று சொல்லியிருக்கலாம். அதுதானே நடந்தது. ஒன்பது வருடம் பொங்கலன்று தங்கள் தங்கைகளுக்குச் சீர் கொண்டுபோகும் ஊர் ஆட்களைப் பார்க்கப் பிடிக்காமல் வயலிலேயே உட்கார்ந்திருந்த மனிதருக்காகச் சொல்லியிருக்கலாம். நாக்கு வரைக்கும் வந்தது. 'நீ என் வார்த்தைய மாத்திடுற' என்று சண்டை போட்டவர் இல்லாத நேரத்தில் அவர் வார்த்தையை மாற்றுவது கேவலமாக இருந்தது. இருந்ததைச் சொன்னேன்.

"நீ என்னைப் பார்க்கவில்லை. அவ்வளவு கூட்டத்தில் எப்படித் தெரியும்."

அவள் எழுதவில்லை.

"பார்த்தேன் அண்ணி" என்றாள். "ரெண்டு மணி நேரம் எல்லாரையும் காக்க வச்சிட்டு இப்ப வந்து நிக்கிறாங்களேன்னு ஆத்திரம். கூப்புட்டா எங்க மாமியார் சபையில ஏதாச்சும் சொல்லிடுவாங்கன்னு பயம் வேற. திரும்பிக்கிட்டேன். மறுபடி பார்த்தா ஆளக் காணோம்." பேனாவைக் கீழே வைத்தாள். "நான் பார்த்தது அண்ணனுக்குத் தெரியாது, இல்ல?"

ஆமாம் என்றால் அவள் நிம்மதியாகப் போயிருப்பாள். கடிதமும் அதைத்தான் சொல்கிறது. ஆனால் இந்தக் கேள்வி கடிதத்துக்கு வந்ததில்லை, எனக்கு வந்தது.

"தெரியும். அன்னைக்கு சாயந்தரமே எங்கிட்ட சொன்னாங்க."

"அப்ப ஏன் இப்படி எழுதியிருக்காங்க?"

"வேற எப்படி எழுதினா நீ இந்த வீட்டுக்கு வருவ?" என்றேன்.

கருமாதியன்றுகூட அவள் அப்படி அழவில்லை. எனக்கும் கண்ணில் நீர் வந்தது, மறைக்கவில்லை. அவள்மேல் இருந்த கோபம் போய்விட்டதா என்று கேட்டால் முழுவதும் போகவில்லை. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். குடித்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பேனாவை எடுத்தாள். நீ என்னைப் பார்க்கவில்லை என்று தன் கையாலேயே எழுதினாள்.